குறைப் பட்டியலில் ஒரு கண்

திரையின் வலது மூலையில் ஒரு கண் திறந்தது.

கண் என்றால் சின்னப் படம்தான். பாதாம் பருப்பளவு, சாம்பல் நிறம், நடுவில் ஒரு புள்ளி. அது தோன்றிய மறுநொடியே, அவள் அடித்துக்கொண்டிருந்த எழுத்துகள் ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் போனதுபோல் மங்கின. அவள் நாற்காலியை இடப்பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள். கிறீச். அந்தச் சுழல்நாற்காலி இடப்பக்கம் திரும்பினால் மட்டும் சத்தம் போடும். பின்னால் யாரும் இல்லை. நான்கடி வெறுந்தரை, அதற்கப்பால் சுவரோரம் ஆணியில் தொங்கும் மழைக்கோட்டு, அதற்கும் அப்பால் சமையலறை வாசல். மறுபடி முன்னால் திரும்பியபோது கண் இல்லை. எழுத்துகள் தெளிந்திருந்தன.

மடிக்கணினி வீட்டுக்கு வந்து அது நான்காம் நாள். பதினேழு அங்குலத் திரை, நடுத்தர விலை. நுகர்வோர் பத்திரிகை ஒன்று அதை அவளிடம் கொடுத்து, ஆறு நாள் புழங்கிப் பார்த்து நிறையும் குறையும் எழுதச் சொல்லியிருந்தது. பன்னிரண்டு வருடம் பௌதிகம் சொல்லிக்கொடுத்த பள்ளியை மூடிவிட்டார்கள். இந்தக் கட்டுரை தேறினால் மாதாமாதம் வேலை. தேறாவிட்டால் இந்த வீட்டைக் காலி செய்துவிட்டுத் தம்பி வீட்டுக் கூடத்தில் பாய் விரிக்க வேண்டியதுதான்.

அதனால் எதையும் அளந்தே எழுதினாள். நிறைப் பட்டியலில் முதல் வரி: திரை பெரியது, சமையலறை வாசலில் நின்றாலே எழுத்தைப் படிக்க முடிகிறது. இரண்டாவது: சத்தமில்லை. உடம்பு பெரிதாக இருப்பதால் உள்ளே காற்று நடமாட இடம் இருக்கிறது, விசிறி மெதுவாகச் சுற்றினாலே சூடு வெளியேறிவிடும். குறைப் பட்டியலில்: தூக்கிக்கொண்டு அலைய முடியாத எடை. சார்ஜர் வயர் குட்டை. எண்விசைகளுக்காக எழுத்துவிசைகளை இடப்பக்கம் தள்ளிவிட்டதால், உட்காருகிறவரும் திரையின் நடுவுக்கு நேராக இல்லாமல் சற்று இடப்பக்கமாகவே உட்கார வேண்டியிருக்கிறது. வலப்பாதியை வேறு யாருக்கோ ஒதுக்கி வைத்த மாதிரி.

அந்தக் கண்ணையும் அவள் குறையில்தான் சேர்த்தாள். 'யாரும் இல்லாதபோதும் எச்சரிக்கிறது.'

"குறைன்னு எழுதினா நிரூபிக்கணும் டீச்சர்" என்றார் எடிட்டர் போனில். "உங்களுக்கு முன்னாடி எழுதினவரு ஒரு மிக்ஸிய சத்தம் ஜாஸ்தின்னு எழுதிட்டாரு. எவ்வளவு ஜாஸ்தி, எதுல அளந்தீங்கன்னு கேட்டா திருதிருன்னு முழிச்சாரு. அதோட சரி. நாளன்னிக்கு ராத்திரி எட்டு மணிக்குள்ள அனுப்பிடுங்க."

நிரூபிப்பதென்றால் முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். திரைக்கு மேலே கேமராவை ஒட்டி, குண்டூசித் தலை அளவில் கருப்புப் புள்ளி ஒன்று இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியை அது வீசுகிறது. சுவரில் எறிந்த பந்து திரும்பி வருவதுபோல் அந்த ஒளி எதிலாவது பட்டுத் திரும்பி வர எடுக்கும் நேரத்தை வைத்து, எதிரே இருப்பது எவ்வளவு தூரம், தட்டையா, பருமன் உள்ளதா என்று கணக்குப் போடுகிறது. அதற்கு இரண்டு வேலை. முன்னால் இருப்பவர் எழுந்து போனால் ஒரு நிமிடத்தில் திரையை மங்கவைப்பது ஒன்று. இன்னொருவர் பின்னால் நின்று திரையைப் பார்த்தால் கண்ணைக் காட்டி எழுத்தை மறைப்பது மற்றொன்று.

ஐந்தாம் நாள் மழைக்கோட்டை எடுத்து அலமாரியில் வைத்தாள். கண் திறந்தது. வெளிச்சம் குழப்புகிறதோ என்று திரைச்சீலையை இழுத்துவிட்டாள். திறந்தது. பத்திரிகை அட்டையில் சிரித்துக்கொண்டிருந்த முகம் ஒன்றைச் சுவரில் ஒட்டி வேண்டுமென்றே ஏமாற்றப் பார்த்தாள். அதற்கு அது திறக்கவேயில்லை. தட்டையான முகத்துக்கு அது ஏமாறாது என்பதை ஒரு நிறையாகக் குறித்துக்கொண்டுவிட்டு, திரும்பி வெறுந்தரையைப் பார்த்தாள்.

மறுநாள், கடைசி நாள், மாலை ஐந்தரைக்கு எதிர்வீட்டுத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டாள். அந்த அம்மா கழுத்தில் அளவுநாடாவோடு வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"போட்டோ புடிக்கறீங்களா டீச்சர்? தலை கூட வாரலையே."

"இல்லக்கா, சும்மா ஸ்கிரீனைப் பாருங்க."

கண் திறந்தது. "இப்ப ஜன்னலைப் பாருங்க." மூடியது. ஆக, திரையைப் பார்க்கிற முகத்தை மட்டும்தான் கணக்கில் சேர்க்கிறது. பின்னால் பின்னால் நகரச் சொல்லி, கழுத்து நாடாவையே வாங்கி அளந்தார்கள். திரையிலிருந்து சரியாக இரண்டு மீட்டர். அதைத் தாண்டினால் கண் மூடிவிடுகிறது. அந்த இடத்தில் தரையில் சிவப்பு டேப் ஒட்டினாள். கருவி அச்சுப் பிசகாமல் வேலை செய்தது.

"முடிஞ்சுதா? நகரக்கூட இடமில்ல டீச்சர். அங்க நின்னா முழங்கை இடிச்சுக்கிட்டே இருக்கு" என்று கையைத் தேய்த்துக்கொண்டே தையல்காரம்மா போனார். எதிர்வீட்டுக் கதவு சாத்திய சத்தம் கேட்டது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி மெல்லத் திரும்பி, அந்த அம்மா நின்ற இடத்தைப் பார்த்தாள். நாலாபக்கமும் வெறுந்தரை. முழங்கை இடிக்க அங்கே எதுவும் இல்லை.

திரும்பினாள். கண் திறந்திருந்தது.

தம்பியைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். அவனுக்குக் கணினி பழுதுபார்க்கும் கடை. பின்னணியில் யாரோ எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க?"

"கண்ணு என்னோடது இல்லடா. கம்ப்யூட்டரோடது."

"சரி புரொஃபசர், சுவத்துல முதுகை ஒட்டி உட்காரு. தீர்ந்துது."

"வயர் எட்டாது. அதையும் குறையில எழுதியாச்சு."

அவன் சிரித்தான். பிறகு கேட்டான், "பாட்டரி எவ்ளோ நேரம் நிக்குது?"

"முதல் மூணு நாள் ஒம்பது மணி நேரம். இப்ப ஆறுகூட இல்ல."

"நீ குளிக்க, சமைக்கப் போறப்ப ஸ்கிரீன் மங்குதா?"

அவள் கவனித்ததில்லை. குளியலறையிலிருந்து எப்படிக் கவனிப்பது?

"போய் தள்ளி நின்னு பாருக்கா. மங்கிச்சுன்னா அந்த சென்சாருக்கு நீதான் ரெண்டு ஆளாத் தெரியிற, அவ்ளோதான், கோளாறு. குறையில எழுதி அனுப்பிடு."

"மங்கலன்னா?"

"மங்கும்" என்றான் தம்பி. அந்தப் பக்கம் தட்டும் சத்தம் நின்றிருந்தது. "பார்த்துட்டுக் கூப்பிடு."

நல்ல சோதனைதான். அவள் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததும் அதுவே: சந்தேகப்படும் இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டு மிச்சம் என்ன என்று பார். இங்கே எடுக்கக்கூடியது அவள் ஒருத்தியைத்தான். முதன்முறையாக ஒரு பொருள் பழுதாக இருக்க வேண்டுமே என்று மனதார விரும்பினாள்.

ஆறே கால். ஜன்னலில் வெளிச்சம் கரைந்துகொண்டிருந்தது. விளக்கைப் போடவில்லை, திரை மங்குவது இருட்டில்தான் நன்றாகத் தெரியும் என்று தனக்குத்தானே விளக்கிக்கொண்டாள். நாற்காலியிலிருந்து எழுந்து, சிவப்பு டேப்பைத் தாண்டி, சமையலறை வாசலில் போய் நின்றாள். கால்சட்டைப் பைக்குள் கையை விட்டாள். போன் மேசைமேல் இருந்தது. குழாய் சொட்டியது, குளிர்பெட்டி ஒருமுறை நடுங்கி அடங்கியது, தெருவில் ஒரு வண்டி ரிவர்ஸ் எடுக்கும் கூவல் நெருங்கி, விலகி, ஓய்ந்தது. அந்தச் சத்தங்களுக்கெல்லாம் நடுவே மடிக்கணினி மட்டும் மூச்சுவிடாமல் இருந்தது. நாற்காலியின் முதுகு அவளைப் பார்த்திருந்தது. குட்டை முதுகு. அதற்கு மேலே திரை முழுவதும் தெரிந்தது, இரண்டு பட்டியல்களும் தெளிவாக. இடையில் யாரும் இல்லை.

மூலையில் கண்ணும் இல்லை. ஒரு நொடி நிம்மதி வந்தது.

பிறகு புரிந்தது. கண் இரண்டாவது ஆளுக்குத்தான். அங்கே இப்போது ஒருவர்தான்.

திரையின் கடிகாரம் 6:17. எண்ணினாள். 6:18. மங்கவில்லை. 6:19. நாற்காலி காலியாக இருந்தது, திரை பளிச்சென்று எரிந்தது. 6:20.

விசைப்பலகையின் அடிவிளக்கு எரிந்தது.

அதையும் அவள் சோதித்திருந்தாள். விசையில் விரல் பட்டால்தான் அது எரியும். பதினைந்து நொடியில் அணைந்துவிடும். வேறு எதற்கும் எரியாது.

டொக்.

குறைப் பட்டியலின் கடைசி வரியில் ஒரு எழுத்து குறைந்தது. டொக். இன்னொன்று. டொக். டொக். 'யாரும் இல்லாதபோதும் எச்சரி' என்று நின்றது. நிதானமாக, பழகிய கையாக. டொக். 'யாரும் இல்லாதபோதும்'. அதுவும் போனது. குறைப் பட்டியலில் அந்த வரியே இல்லை. எழுதுமிடத்தைக் காட்டும் கோடு இடப்பக்கம் தாவி, நிறைப் பட்டியலின் அடியில் நின்று துடித்தது.

வெளியே போக வேண்டும்.

தெருக்கதவு மேசைக்கு இடப்பக்கம். சமையலறைக்கு வேறு வாசல் இல்லை. போவதென்றால் டேப்பைத் தாண்டித்தான் போக வேண்டும்.

திரையைப் பார்க்கிற முகத்தை மட்டும்தான் அது கணக்கில் சேர்க்கும். அவள் அதை நிரூபித்திருந்தாள். பார்க்காமல் போனால் போதும்.

தலையைக் குனிந்துகொண்டாள். சுவரில் தோளை உரசிக்கொண்டு, தரை ஓடுகளை எண்ணியபடி நடந்தாள். ஒரு ஓடு. இரண்டு ஓடு. டொக், டொக் என்று அடிக்கும் சத்தம். அடிக்கட்டும். சிவப்பு டேப் காலுக்குக் கீழே வந்தது. தாண்டினாள். வெறுங்காலில் தரை சில்லென்றது. மூன்றாவது ஓடு. நான்காவது. மேசையின் கால் ஓரக்கண்ணில் வந்தது. நாற்காலியின் சக்கரம். தாழ்ப்பாளுக்கு இன்னும் இரண்டு எட்டு.

டொக் சத்தம் நின்றது.

பார்க்காதே.

நின்றே இருந்தது.

பார்க்காதே.

மேசைமேல் போன் அதிர்ந்தது. தம்பி. மேசைப் பலகை முழுவதும் கடகடவென்று நடுங்கியது. அவள் பார்த்துவிட்டாள்.

நிறைப் பட்டியலில் புதிதாக ஒரு வரி. 'பின்னால் யார் வந்தாலும் காட்டிக்கொடுக்கிறது.'

படித்து முடிப்பதற்குள் எழுத்துகள் மங்கின. திரையின் மூலையில் கண் திறந்தது.

கண் திறந்தால் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும். மூன்று நாளாக அவளே செய்ததுதான்.

கிறீச்.

காலி நாற்காலி இடப்பக்கமாக, மெதுவாக, அவளை நோக்கித் திரும்பத் தொடங்கியது.