பால் காய்ச்ச முன்னால் போனவள்

1958ஆம் வருஷம், ஆனி மாதக் கடைசி நாள். வனஜா வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு, குருவிநத்தத்திலிருந்து பாகூருக்கு மாட்டு வண்டி போய்க்கொண்டிருந்தது.

குடியிருந்த வீட்டைச் சொந்தக்காரர் தம் மகன் கல்யாணத்துக்காகத் திருப்பிக் கேட்டுவிட்டார். வனஜாவின் அப்பா தேவநாதன் கொம்யூன் ஆபீசில், அதாவது ஊராட்சி அலுவலகத்தில், எழுத்தர். அவர் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் பாகூரில் ஒரே ஒரு வீடுதான் கிடைத்தது.

அந்த வீட்டுச் சொந்தக்காரி சிந்தாமணி அம்மாள் கறாராகச் சொல்லியிருந்தார்:

"ஆனிக் கடைசிக்குள்ள, வெளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி பால் காய்ச்சிடணும். ஆடியில யாரையும் குடி வெக்க மாட்டேன். மளிகைக்கடை மாரிமுத்து வேற வூட்டைக் கேட்டுக்கினு இருக்காரு."

பாதி வழியில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கடையாணி எங்கோ விழுந்து, சக்கரம் கழன்றுவிட்டது.

"கொல்லன் வந்தாத்தான் சார் ஆவும்," என்று தலையைச் சொறிந்தார் வண்டிக்காரர் இருசப்பன்.

அப்பா வெயிலைப் பார்த்தார். "வூடு போச்சு," என்றார் மெதுவாக. அம்மாவின் இடுப்பில் தம்பிப் பாப்பா அழ ஆரம்பித்தான்.

வனஜா யோசித்தாள். "நைனா, பால் காய்ச்சுறதுக்குக் கட்டிலும் பெட்டியும் எதுக்கு?"

"அதுக்கு இன்னா இப்போ?"

"பால் செம்பைக் குடுங்க. நான் முன்னால போறேன். தினம் இஸ்கூலுக்குப் போற வழிதானே?"

அப்பா தயங்கினார். அம்மாவோ செம்பின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள்.

வனஜா ஓடவில்லை. ஓடினால் பால் சிந்தும். ஒரு நாய் மட்டும் மோப்பம் பிடித்தபடி கூடவே வந்தது.

"இது ஒனக்கில்லடா. போடா!"

வெயில் இறங்குமுன் பாகூர் வீட்டு வாசலில் வந்து நின்றவளைச் சிந்தாமணி அம்மாள் ஏற இறங்கப் பார்த்தார். "பெரியவங்க எங்கடி?"

"வண்டி சாஞ்சுடுச்சு அத்தே. பின்னால வராங்க."

"பொடிசு வந்து பால் காய்ச்சினா குடி வந்ததா ஆவுமா?"

"நானும் இந்த வூட்டுல குடியிருக்கப் போறவதானே? பெரியவங்கதான் காய்ச்சணும்னு நீங்க சொல்லலியே!"

சிந்தாமணி அம்மாள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சிரிப்புத்தான் வந்தது. "அடி வாயாடி!" என்று சாவியோடு நாலு வறட்டியும் நெருப்பும் கொண்டுவந்தார்.

பால் நுரைத்து எழுந்து, செம்பின் விளிம்பைத் தாண்டி வழிந்தது.

"பொங்கிடுச்சு!" என்று இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

தெருவெல்லாம் விளக்கு வைத்த பிறகுதான் வண்டி வந்தது. வாசலில் மாரிமுத்து காத்திருந்தார்.

"வெளக்கு வெச்சாச்சே சார்! இனிமே எப்படிக் குடி வருவீங்க?"

"அவங்க வெயில்லயே குடி வந்துட்டாங்க," என்றார் சிந்தாமணி அம்மாள். "இப்ப வர்றது சட்டி பானைதான். ஒரு கை புடிச்சு எறக்குங்க!"

அப்பா வாசற்படியிலேயே உட்கார்ந்து நீளமாக மூச்சுவிட்டார். வனஜா மூடி வைத்திருந்த பாலை எடுத்து நீட்டினாள். ஒரு வாய் குடித்தவர் முகத்தைச் சுளித்தார்.

"சக்கரையே போடலியேம்மா!"

"நான் இன்னா பண்றது நைனா? சக்கரை இப்பத்தானே வண்டியில வருது!"