எண்பது கிலோவுக்கு மேல்

எடைக்கதவு மூன்றாம் முறையும் தேன்குரலில் சொன்னது: "ஐம்பத்திரண்டு கிலோ. நீங்கள் ஆரோக்கியமானவர்."

ஆரோக்கியமான இளஞ்செழியன் படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். அவன் அக்கா மங்கையர்க்கரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன மாதம்தான் இந்தக் கதவை மாவட்டச் சர்க்கரை நோய் நிலையத்தில் பொருத்தினார்கள். ரத்தப் பரிசோதனை அன்றே ஒழிந்தது. எண்பது கிலோவுக்கு மேல் நோயாளி, கீழே இருந்தால் நலம். எடைக்கும் சர்க்கரைக்கும் பெரும்பாலோரிடம் தொடர்பு உண்டு என்றுதான் ஆய்வாளர்கள் எழுதியிருந்தார்கள். சட்டமாகத் தட்டச்சு செய்தபோது 'பெரும்பாலோரிடம்' விடுபட்டுவிட்டது.

"பத்து வயசுலேர்ந்து இன்சுலின் போடுறான் சார். கையிருப்பு முந்தாநேத்து தீந்துபோச்சு," என்றாள்.

"ஒல்லியா இருக்கறவருக்கு சுகரா? நல்லா சாப்பிட்டு வெயிட் போட்டு வரச் சொல்லுங்கம்மா," என்றார் ஜன்னலுக்குள் இருந்த கண்காணிப்பாளர்.

மங்கையர்க்கரசி கபடிப் பயிற்சியாளர். தொண்ணூற்று நான்கு கிலோ, நோய் நொடி கிடையாது. தம்பியைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, பாத்துடுவாங்க."

"பாக்கட்டும். கழுத்தப் புடிச்சுக்கடா."

கதவு, தோளுக்கு மேல் தெரிந்த முகத்தைப் பதிந்துகொண்டது. "இளஞ்செழியன், நூற்று நாற்பத்தாறு கிலோ. உடனே உள்ளே வாருங்கள்." ஒரே நிமிடத்தில் இவ்வளவு எப்படி ஏறியது என்று அது கேட்கவில்லை. கேட்கும்படி யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை.

உள்ளே செவிலியர் ஜெசிந்தா, ஒளித்து வைத்திருந்த பழைய கருவியால் அவன் விரலைக் குத்திப் பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டு.

"நூத்தி நாப்பத்தாறு கிலோவுக்கு மிஷின் சொல்ற டோஸ போட்டா தம்பி போய்ச் சேந்துடுவாரு. நானே பாத்துப் போடுறேன்," என்றார்.

சாயங்காலம் சர்க்கரை நூற்றெழுபதுக்கு இறங்கியது. தம்பி தன் காலால் நடந்து வெளியேறினான். கதவு கணக்கிட்டது: ஆறு மணி நேரத்தில் தொண்ணூற்று நான்கு கிலோ குறைந்தது, நோயும் போனது. எடைதான் நோய் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அதுவரை கிடைத்ததில்லை.

மூன்றாம் நாள் ஓர் அதிகாரி பொன்னாடையோடு வீட்டுக்கு வந்தார்.

"நோயாளிப் பட்டியல்லேர்ந்து உங்க பேர எடுத்தாச்சு தம்பி. இனிமே ஊசி கிடையாது. ஜெயிச்சுட்டீங்க."

ஜெசிந்தா கொடுத்தனுப்பியதில் இரண்டு ஊசிதான் மிச்சம். இளஞ்செழியன் பொன்னாடையை வாங்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தான். அதிகாரியும் அவளைத்தான் ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களத்தாம்மா சரி பண்ணணும். தம்பிக்குப் பண்ண அதே வைத்தியம். தினம் நாலு ஊசி, வீட்டுக்கே வரும்."

"எனக்கு ஒண்ணும் இல்ல சார்," என்று வாயெடுத்தவள் பாதியில் நிறுத்தினாள். "நாலா? நானே போட்டுக்கலாமா?"

"தாராளமா. எண்பதுக்குக் கீழ வர்ற வரைக்கும் உண்டு."

பத்து வருடமாகத் தன் உடம்பைப் பற்றிப் பிறர் சொன்னதையெல்லாம் மறுத்து வந்தவள், தீராத நோயாளி என்று கையெழுத்திட்டாள். அவர் தெரு முனை தாண்டியதும் சோற்றுப் பானையை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பசிக்குதாக்கா?"

"இல்லடா," என்று சொல்லி, இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.