ரெண்டு தட்டு

பீன்யா தொழிற்பேட்டையின் இரண்டாம் ஸ்டேஜில் இருக்கும் அந்த லாரி யார்டுக்குள் நான் முதன்முதலாக நுழைந்தது ஜூன் மாதத்தில், காலை எட்டரை மணிக்கு. லேத்துப் பட்டறைகளின் எண்ணெய் வாசனை, கேட் ஓரத்து டீக்கடையில் ஆவி பறக்கும் இட்லி, முந்தின நாள் மழை தேங்கி நின்ற குழிகள். பயப்பட அங்கே ஒன்றுமே இல்லை. இந்த வேலையும் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் மட்டும்தான் இருந்தது.

என் பெயர் மௌரீன். பிரேசர் டவுன்காரி, வயது நாற்பத்தொன்று. ஒன்பது வருஷம் ஸ்கூல் வேன் ஓட்டினேன். ஸ்கூல்காரர்கள் வேன்களை விற்றுவிட்டு வெளியாளுக்கு கான்ட்ராக்ட் விட்டதும், ஏழு மாதம் வீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தேன். பிறகு ரோஷம் வந்து ஹெவி லைசென்ஸ் எடுத்தேன். எனக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. பால் பாக்கெட்டைக்கூட அமுக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். அதனால் நான் சொல்வதை, பயந்த பொம்பளை எதையோ பார்த்து உளறுகிறாள் என்று தள்ளிவிட வேண்டாம்.

ஆபீஸ் மேடம் ஒரு மஞ்சள் தாளைக் கொடுத்தார். அதில் முப்பது கட்டங்கள். ஒவ்வொரு நாளும் பயிற்சி கொடுக்கும் டிரைவர் என் கூட உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். முப்பதாவது கட்டத்தில் அவர் 'தனியாக ஓட்டலாம்' என்று எழுதினால் எனக்கு வேலை. எழுதாவிட்டால் மறுபடியும் ஜன்னல்.

பயிற்சி டிரைவர் நாகேஷ் என்னைவிடப் பத்து வயது சின்னவன். நல்ல ஓட்டக்காரன், அதை நான் மறுக்கவில்லை. பத்துச் சக்கர லாரியை அவன் திருப்புவதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். ஆனால் முதல் நாளே அவன் சொன்ன ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது.

"அக்கா, நம்ம வண்டியில தட்டு கிடையாது. யாரு தட்டுனாலும் நிறுத்திடணும். ரெண்டு தட்டுனாலும் சரி, நிறுத்திடணும்."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லாரியில் டிரைவர் வலது பக்கம் உட்காருகிறார். இடது பக்கமும் பின்பக்கமும் கண்ணாடியில் பாதிதான் தெரியும். மீதிக்கு க்ளீனர்தான் கண். அவர் இடது பக்கம் நின்று வண்டியின் உடம்பில் உள்ளங்கையால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நில். ரெண்டு தட்டு என்றால் வரலாம். வேனுக்கும் அதே பாஷைதான். என் வேனில் ஆயாவாக இருந்த எல்லம்மா, பிள்ளைகள் எல்லாரும் ஏறியதும் ரெண்டு தட்டு தட்டுவாள். ஒன்பது வருஷம் அந்தச் சத்தத்துக்கு என் கால் தானாகப் பிரேக்கை விட்டிருக்கிறது. மூளையைக் கேட்பதே இல்லை.

அப்படிப்பட்ட தொழிலில் தட்டே வேண்டாம் என்கிறான் என்றால்?

இன்னும் இருந்தது. இடது கதவில் கண்ணாடியை இறக்கும் கைப்பிடியே இல்லை. வெயில் அடித்தாலும் அந்தக் கண்ணாடி மூடியே இருக்கும்.

"கைப்பிடி எங்க நாகேஷ்?"

"நான்தான் கழட்டி வெச்சேன். மழை உள்ள வருது."

மூடிய கண்ணாடி வழியாக எந்த ஊரில் மழை வருகிறதோ! இடது சீட்டில் உட்காரும்போது அவன் ரெண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வான். ரிவர்ஸ் எடுக்கும்போதோ, எல்லாரும் பின்னால் போய் நின்றால் இவன் வண்டிக்கு முன்னால் வந்து, எனக்குத் தெரிகிற மாதிரி ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பான்.

அவன் இறங்கிப் போன நிமிஷத்தில் கேபினில் ஒரு வாடை வரும். நனைந்த கோணிச் சாக்கின் வாடை. அவன் திரும்ப ஏறினால் போய்விடும். முதலில் அவன்மேல்தான் சந்தேகப்பட்டேன், சாக்கை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறான் என்று. சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு ஜாக்கியும் ஒரு துடைக்கிற துணியும்தான் கிடந்தன.

எட்டாவது நாள், மத்தியானம் மூன்று மணி. டாபஸ்பேட்டை ரோட்டில் ஒரு கோடவுன். சுவரை ஒட்டி வண்டியை ரிவர்ஸில் கொண்டுபோய், கியரை எடுக்காமல் பிரேக்கில் நிறுத்தினேன். லோடு ஏற்றும்போது வண்டி நகராமல் இருக்க, பின்சக்கரத்துக்குக் கட்டை வைப்பார்கள். அதை வைக்க இளங்கோவன் என்ற லோடுமேன் பின்னால் போனார். முன்னால் நின்ற நாகேஷுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே இடது பக்கம் ஒதுங்கினான். எனக்கு அவன் தெரியவில்லை.

தட், தட்.

இடது கதவில், அழுத்தமாக, ரெண்டு.

சுவருக்கு இன்னும் ஒரு முழம் இருக்கிறது போல, வரச் சொல்கிறான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். கால் தானாகப் பிரேக்கை விட்டது.

"ஏய்ய்ய்!"

இளங்கோவனின் அலறலில் நான் மிதித்த மிதிக்கு வண்டி குலுங்கி நின்றது. இறங்கி ஓடினேன். அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். அவர் நெஞ்சுக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது.

"நாகேஷ்! ஏன் தட்டுனீங்க?"

அவன் பத்தடி தள்ளி, போனைக் காதில் வைத்தபடியே நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் தட்டல. நான் தட்டல அக்கா. சத்தியமா நான் தட்டல."

யாரும் அடிக்காமலே அழுகிற பிள்ளை மாதிரி மூன்று தரம் சொன்னான். இந்தப் பையன் எனக்குக் குழி பறிக்கிறான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். என்னைக் கழித்துவிட்டு அந்த இடத்தில் தன் ஆள் யாரையாவது சொருகப் பார்க்கிறான். அன்றைய கட்டத்தில் 'ரிவர்ஸ் சரியில்லை' என்று எழுதினான்.

மறுநாள் கேட் ஓரத்து டீக்கடையில் இளங்கோவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"உன் மேல தப்பு இல்லம்மா. அந்த வண்டிக்குப் பின்னாடி நான் இனிமே போக மாட்டேன். போன வருஷம் அதே கோடவுன் செவுத்துக்கிட்ட, இதே வண்டி. உத்தமன்னு க்ளீனர். நல்ல மழை. கோணிய மடிச்சித் தலையில போட்டுக்கினு கட்டை வைக்கப் போனான். வண்டி பின்னாடி வந்திடிச்சி, ஆளு அங்கியே முடிஞ்சிட்டான்."

"யார் ஓட்டுனது?"

"பிரகாஷ்னு ஒரு பையன். உன்ன மாதிரி டிரெயினிங்ல இருந்தான். ரெண்டு தட்டு கேட்டிச்சி, அதான் வந்தேன்னு போலீஸ்ல அழுதான். கூட லெப்ட் சீட்ல இருந்தவன் தட்டவே இல்லன்னுட்டான். பிரகாஷ் மேல கேஸ். லைசென்ஸும் போச்சி. இன்னும் கோர்ட்டுக்கு அலையறான்."

"லெப்ட் சீட்ல யாரு?"

இளங்கோவன் யார்டுப் பக்கம் தலையை அசைத்தார். நாகேஷ் அங்கே டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு இருபது நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டினேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வேண்டிய கையெழுத்து அவன் பேனாவில் இருந்தது. அவனைக் கோபப்படுத்த எனக்கு வக்கில்லை. கோணி வாடை வந்தால் பைபிள் சங்கீதத்தை முணுமுணுப்பேன். ரிவர்ஸ் எடுத்தால் பிரேக்கிலிருந்து கால் எடுக்க மாட்டேன். அவன் என்னைப் பார்ப்பான். நான் அவனைப் பார்ப்பேன். ரெண்டு பேரும் இடது கதவைப் பார்க்க மாட்டோம்.

முப்பதாவது நாள் நல்ல மழை. அதே கோடவுன், அதே சுவர். மணி மூன்றுகூட ஆகவில்லை, ஆனாலும் லைட் போட வேண்டியிருந்தது. நான் வண்டியைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். கட்டை வைக்க இளங்கோவன் வரவில்லை. வேறு யாரும் வரவில்லை. நாகேஷ் கொஞ்ச நேரம் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

"நானே வைக்கிறேன். என்ன ஆனாலும் நகராதீங்க."

"என்ன ஆகும்?"

இறங்கி, வண்டிக்கு முன்னால் சுற்றி வந்தான். வலது கண்ணாடியில் தெரிந்தான். கட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் போய் மறைந்தான்.

வைப்பர் ஓடியது. ரிவர்ஸ் கியர் விழுந்திருந்தது. கால் பிரேக்கில் இருந்தது.

வாடை வந்தது.

இந்த முறை மெல்ல வரவில்லை. ஈரச் சாக்கை என் முகத்தருகே யாரோ உதறிய மாதிரி வந்தது.

தட், தட்.

என் கால் தூக்கப் பார்த்தது. தூக்க விடாமல் ரெண்டு கையாலும் முழங்காலை அமுக்கினேன்.

தட், தட்.

அப்போதுதான் புரிந்தது. வெளியிலிருந்து தட்டினால் தகரம் அதிரும். இது தகரச் சத்தம் இல்லை. கதவின் உள்பக்கத்தில், பிளாஸ்டிக்கில், உள்ளங்கை படுகிற சத்தம்.

கேபினுக்குள்ளிருந்து தட்டுகிறது.

நான் திரும்பினேன். இடது சீட்டில் யாரும் இல்லை. ஆனால் சீட் அமுங்கியிருந்தது. ஒரு ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு.

"ஏசுவே."

அமுங்கிய இடம் என் பக்கமாக நகர்ந்தது.

தட், தட்.

என் கதவில்.

எஞ்சினை அணைத்தேன், ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், சாவியைப் பிடுங்கிக்கொண்டு மழையில் குதித்தேன். எப்படிக் குதித்தேன் என்று கேட்காதீர்கள், முட்டி இன்னும் வலிக்கிறது.

பின்னால் நாகேஷ் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கட்டையை வைக்கவே இல்லை, கண்ணை இறுக மூடியிருந்தான்.

"தட்டுச்சா?" என்றான், கண்ணைத் திறக்காமல்.

"ஆறு தட்டு."

"நான்தான் அக்கா அன்னிக்குத் தட்டுனது. மழையில எறங்க சோம்பேறித்தனம். கண்ணாடிய எறக்கி, கைய வெளிய விட்டு, பாக்காமலே ரெண்டு தட்டு தட்டிட்டேன். உத்தமன் எப்பவோ வெளிய வந்திருப்பான்னு நெனச்சேன்."

எனக்கு வந்த கோபத்தில் அவனை அங்கேயே அறைந்திருப்பேன். மழையில் அவன் அழுகிறானா என்றுகூடத் தெரியவில்லை. பாவமாகவும் இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது.

ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? கேபினுக்குப் போக பயந்து, கோடவுன் தாழ்வாரத்தில் நின்று, பைக்குள்ளிருந்த மஞ்சள் தாளை எடுத்து நீட்டினேன். அவன் முப்பதாவது கட்டத்தில் எழுதினான். தனியாக ஓட்டலாம். தாளை மடித்துப் பத்திரமாக வைத்த பிறகுதான் பிரகாஷைப் பற்றிக் கேட்டேன். இந்த வரிசையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"கோர்ட்டுல போய்ச் சொல்லு நாகேஷ். அந்தப் பையன் வாழ்க்கை போகுது."

"சொல்ல முடியாது அக்கா. எனக்குக் கொழந்தைங்க இருக்கு. யாரு கேட்டாலும் நான் தட்டலன்னுதான் சொல்வேன்." பிறகு தாழ்ந்த குரலில் கேட்டான். "நீங்க சொல்லிடுவீங்களா?"

சொல்ல மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. சொல்வேன் என்றும் சொல்லவில்லை. வேலை கிடைத்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, கம்பெனி ஆளுக்கு எதிராக யாராவது சாட்சி சொல்வார்களா? அவன் என் மௌனத்தைப் புரிந்துகொண்டு தலையாட்டினான்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்கால் போட்டும் ஒரு வார்த்தை ஜெபிக்க வரவில்லை. வேறு வண்டி கேட்டேன். 'வேறு வண்டி இல்லை, இது வேண்டாம் என்றால் சொல்லுங்கள்' என்றார் ஆபீஸ் மேடம். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை.

திங்கள்கிழமை காலை தனியாகக் கிளம்பினேன். வெயில் நன்றாக அடித்தது. கோணி வாடை இல்லை, தட்டு இல்லை, இடது சீட் அமுங்காமல் வெறும் சீட்டாகவே இருந்தது. எல்லாம் நாகேஷோடு ஒட்டிக்கொண்டிருந்த சங்கதி, அவனோடு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். நெலமங்களா தாண்டியதும் பாட்டுக்கூடப் பாடினேன்.

லோடு ஏற்றுவதற்கு முன்னால் காலி வண்டியை எடை போட வேண்டும். எடை மேடையில் வண்டியை நிறுத்தி, வழக்கப்படி இறங்கித் தள்ளி நின்றேன். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் வந்தது. கன்னட வாடை அடிக்கும் தமிழ்.

"இன்னொருத்தரையும் எறங்கச் சொல்லுங்க மேடம். வெயிட் ஜாஸ்தி காட்டுது."

"நான் தனியாதான் வந்திருக்கேன்!" என்று கத்தினேன்.

நான் போய் இடது கதவைத் திறந்தேன். காலி சீட். கதவைச் சாத்திவிட்டுத் திரும்ப வந்து நின்றேன்.

"ம், இப்ப சரியா இருக்கு."

எடைச் சீட்டு வாங்க ஜன்னலுக்குப் போனேன். உள்ளே சின்னப் பெண், டிபன் டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள்.

"தலையில கோணி போட்டிருந்தாரே, உங்க ஆளு, அவர் வாங்கிட்டுப் போயிட்டாரே. டிரைவர் பேரு என்னன்னு கேட்டேன், அவரே சொன்னாரு."

நடந்து வந்து கேபினில் ஏறினேன். இடது சீட்டில் எடைச் சீட்டு கிடந்தது, மை இன்னும் காயவில்லை. வண்டி எண் சரி. தேதி சரி. எடை சரி.

ஓட்டுநர் பெயர் என்ற இடத்தில் பிரகாஷ் என்று இருந்தது.