இரண்டு மடங்கு மருந்து

சோதனைக்கு வந்தவர் கண்முன்னே டோபமைன் மருந்தை ஆவியாகத் தரும் குப்பியை நான் முதலில் மூச்சில் இழுக்க வேண்டும். பிறகுதான் அவருக்கு. மருந்தில் கலப்படம் இல்லை என்று காட்ட எங்கள் நிலையத்தில் உள்ள வழக்கம். ஆறு வருடமாக நான் மூச்சை அடக்கிக்கொண்டு இழுப்பதுபோல் நடிக்கிறேன்.

நாற்பதைத் தாண்டினால் மூளையில் டோபமைன் குறையும். பிடித்த பிடியை மனம் விடாது. இந்த மருந்து அந்தப் பிடியைத் தளர்த்தும்; தளர்கிறதா என்று பார்க்கத்தான் இந்த மனநெகிழ்வுச் சோதனை. திரையில் வரும் அட்டைகளை நிறம் பார்த்துப் பிரிக்கச் சொல்வோம். நடுவில் சொல்லாமல் விதியை வடிவத்துக்கு மாற்றுவோம். மாற்றத்தைக் கண்டுகொண்டால் தேர்ச்சி; நாற்பதில் ஒன்று, அறுபதில் ஒன்று என இரண்டு சோதனையிலும் தேறியவருக்கு ஆயுள் முழுக்க மருந்து உண்டு. தவறியவரின் கையெழுத்து எங்கும் செல்லாது. அவருக்காக அரசுக் காப்பாளர் முடிவெடுப்பார்.

என் கணவர் தணிகைவேலைத் தோற்கடித்தவர் அப்போது சோதனை அதிகாரியாக இருந்த கனகசபாபதி. என் கணவருக்குக் கடும் காய்ச்சல், வேறு நாள் கொடுங்கள் என்று கெஞ்சினேன். விதி விதிதான் என்றார் அந்தப் புண்ணியவான். பிறகு இதய அறுவைச் சிகிச்சைக்கு என் கணவரின் கையெழுத்து செல்லவில்லை. காப்பாளர் யோசித்து முடிப்பதற்குள் உயிர் போய்விட்டது.

இன்று அதே கனகசபாபதி, ஓய்வுபெற்று, அறுபது வயதுச் சோதனைக்காக என் எதிரில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. வெறும் தண்ணீரை நிரப்பித் தோற்கடித்திருக்கலாம். தோற்றவன் மருந்தில்லாமல், விதி விதிதான் என்றே நிம்மதியாகத் தூங்குவான். அது எனக்கு வேண்டாம். குப்பியில் இரண்டு மடங்கு மருந்தை ஏற்றினேன்.

பிரமாதமாகத் தேறினார். வாழ்த்துச் சொல்லிவிட்டு, தணிகைவேலின் படத்தை மேசையில் வைத்து, நடந்ததை நினைவுபடுத்தினேன்.

"விதி அப்படிம்மா. நான் என்ன பண்ண முடியும்?" என்று பழைய பாட்டையே பாடினார். சற்று நேரத்தில் மருந்து அந்தப் பிடியையும் தளர்த்தியது. படத்தையே பார்த்தார்.

"வேற நாள் குடுத்திருக்கலாம்," என்றார் மெதுவாக. "எனக்கு அதிகாரம் இருந்துது. இவரை மாதிரி எத்தனை பேர்..."

முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு வயிறு குளிர்ந்தது. இனி அவருக்கு ஆயுள் முழுக்க மருந்து உண்டு. இதை எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்துக்கொண்டே கிடக்கட்டும்.

"என்னை மன்னிச்சிடும்மா," என்றார்.

"விதி அப்படிங்க," என்றேன்.

அவர் போன பிறகும் குப்பி கையிலேயே இருந்தது. அடுத்த வாரம் எனக்கு நாற்பது முடிகிறது, முதல் சோதனை. இதை ஒழுங்காக இழுத்தால் நானும் தேறிவிடுவேன். ஆனால் அந்த மனிதரை மன்னித்தும் விடுவேன்.

கையெழுத்து போனால் போகட்டும் என்று குப்பியை மூடி உள்ளே வைத்தேன்.