அறுபத்திரண்டாம் டவரின் தேதிகள்

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே அந்தத் தென்னந்தோப்பின் முன்னால் ஜீப் நின்றபோது உச்சிவெயில் மண்டையைப் பிளந்தது. புதிதாக வந்திருந்த பொறியாளர் நவ்யா தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். கோபாலசாமிக்குத்தான் கால் எழவில்லை.

உயர் அழுத்த மின்கம்பிகளின் கீழே மாதம் ஒருமுறை நடந்து, எங்கே தொங்குகிறது, எங்கே மட்டை உரசுகிறது என்று பார்த்து எழுதுவது அவர் வேலை. வந்துபோனதற்கு அடையாளமாக டவரின் கான்கிரீட் அடியில் சாக்பீஸால் தேதி போட வேண்டும்.

போன ஆடியில் சோம்பல் பட்டு, டீக்கடையில் உட்கார்ந்தபடியே 'எல்லாம் சரி' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இந்தத் தோப்புக்குள் கம்பி தாழத் தொங்கிக்கொண்டிருந்தது. தேங்காய் பறிக்க அலுமினியத் தொரட்டியைத் தூக்கிய தோப்புக்காரன் சென்னிமலை அதே நாளில் கருகிச் செத்தான்.

விசாரணையில் இவர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். "காலையிலயே போய் எச்சரிச்சனுங்க. ஆளு போதைல இருந்தாப்லைங்க." சாராய வாடையே ஆகாத மனிதன் அன்றைக்கு ஊருக்குக் குடிகாரன் ஆனான். அதற்கப்புறம் பதினோரு மாதம், இந்தத் தோப்புப் பக்கம் தலைவைக்க இவருக்கு முகமில்லை. தேதி இல்லாததை நவ்யா பார்த்தால் அத்தனை குட்டும் உடைந்துவிடும்.

தோப்புக்குள் காற்றே இல்லை. ஈர நார் வாசம். தலைக்கு மேலே கம்பியின் இரைச்சல். ஒரு காக்கைகூடக் கரையவில்லை.

அறுபத்திரண்டாம் டவரின் அடியில் நவ்யா குனிந்தாள்.

"அண்ணா, ஒரு மாசம் விடாமப் போட்டிருக்கீங்களே!"

கோபாலசாமி எட்டிப் பார்த்தார்.

பதினோரு தேதிகள்.

அவர் எழுத்தல்ல. எழுதப் படிக்கத் தெரியாதவன் பார்த்து வரைந்ததைப் போல ஒவ்வொரு எண்ணும் கோணிக் கிடந்தது. ஐப்பசி மழைக்கும் கரையாத சாக்பீஸ். தொட்டார். வெயிலில் கொதித்த கான்கிரீட்டில் அந்த எழுத்து மட்டும் சில்லென்றிருந்தது.

அழித்துப் பார்த்தார்.

அழியவில்லை.

"ஆனா ஆடி மாசத்துது மட்டும் காணோமே" என்றாள் நவ்யா. "அந்த ஆக்ஸிடென்ட் அன்னைக்குக் காலைல வந்ததா ஃபைல்ல இருக்கே. மழைல அழிஞ்சிருக்குமோ?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். வாயைத் திறந்தார்.

"வந்துட்டீங்களாங்க?"

சென்னிமலையின் மனைவி ராசாத்தாள் கையில் சொம்போடு நின்றிருந்தாள்.

"உங்க மேல கோவந்தானுங்க. அவரைக் குடிகாரன்னுட்டீங்க. ஆனா மாசாமாசம் இந்த வெயில்ல தவறாம வந்து நடக்கறீங்க. அதான் இங்க மோர் வெச்சுப்போட்டுப் போவனுங்க. ஆளைப் பாத்ததில்லீங்க, சருகு மிதிபடற சத்தம் கேக்கும். வந்து பாத்தா சொம்பு காலியாக் கெடக்கும்."

கோபாலசாமிக்கு உடம்பெல்லாம் கூசியது. எவன் பேரைக் கெடுத்தாரோ, அவன் பெண்டாட்டி இவருக்காக மோர் வைத்திருக்கிறாள்! நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துப் பேசினார்.

"அம்மணி... நான் வரவே இல்லீங்க. அன்னைக்கும் வரலீங்க, அதுக்கப்புறம் ஒரு மாசங்கூட வரலீங்க. உங்க ஊட்டுக்காரர் குடிக்கலீங்க. நான் பொய் சொல்லிப்போட்டனுங்க."

நவ்யா தொப்பியைக் கழற்றினாள்.

மேலே கம்பியின் இரைச்சல் நின்றது.

ராசாத்தாள் அழவில்லை, திட்டவில்லை. சொம்பை டவரின் அடியில் வைத்தாள்.

"அப்ப இத்தன மாசமா மோர் குடிச்சது ஆருங்க?"

யாரும் சொம்பைத் தொடவில்லை.

பின்னால் ஒரு சருகு நொறுங்கியது.

இன்னொன்று, கிட்டத்தில்.

சொம்பில் விளிம்புவரை நின்ற மோர் இறங்கத் தொடங்கியது. மடக் மடக்கென்று, வெகுநாள் தாகத்தோடு.

ராசாத்தாள் சொம்பின் பக்கத்தில் மெல்லக் குந்தினாள். எதிரே இருந்த வெறுமையைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"மெதுவாக் குடிங்க. பொரை ஏறிக்கும்."