கவிழ்த்து வைத்த டம்ளர்

அவள் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுக்கப்போன டம்ளர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

மதியத் தூக்கம் கலைந்து கணவரின் அறைக்குள் வந்தவள் முதலில் பார்த்தது அதைத்தான். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில், மருந்துப் பெட்டிக்கும் அவருடைய மூக்குக் கண்ணாடிக்கும் நடுவில் இருந்தது. உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். அடியில் ஈரம். அவருக்கு ஒரு நாளைக்கு உண்டான தண்ணீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றித் தன் தையல் மெஷின் மேல் வைத்துவிடுவாள். அதிலிருந்து மிடறு மிடறாகத்தான் கொடுப்பாள். பாட்டிலில் தண்ணீர் அவள் விட்டுப்போன மட்டத்திலேயே இருந்தது. சமையலறை பூட்டியிருந்தது. சாவி அவள் தலையணைக்கு அடியில் இருந்தது.

"கில்லாடி" என்று முணுமுணுத்துக்கொண்டே டம்ளரைத் துடைத்துத் திரும்பவும் கவிழ்த்தாள். கில்லாடி மூன்று தலையணைகளில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

எல்லாம் அந்த டாக்டர் பேச்சால் வந்த வினை என்று அவளுக்குத் தோன்றும். இதயம் நின்றுபோகவில்லை, களைத்துப்போயிருக்கிறது என்று அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். வருகிற ரத்தத்தை முழுசாகத் தள்ள அதற்குத் தெம்பு இல்லை, அதனால் நீர் பின்னால் தேங்கி முதலில் காலில் இறங்கும், வயிற்றில் நிற்கும், பிறகு நுரையீரலில் ஏறும், அப்போது படுத்தால் மூச்சு முட்டும். உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், தேங்கியதை வெளியேற்ற மாத்திரை போட வேண்டும், தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். இத்தோடு நிறுத்தியிருக்கலாம். "இதயம் ஒரு பம்ப் மாதிரிதாங்க" என்று ஆரம்பித்தார். அடுக்குமாடிகளின் அடித்தளங்களில் மோட்டார் பம்புகளுக்கு நடுவிலேயே தலை நரைத்த மெக்கானிக்கிடம் போய் அப்படிச் சொல்லலாமா?

வீட்டுக்கு வரும் வழியிலேயே அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "தண்ணிய நிறுத்திட்டு பம்ப ஓட்டுனா காந்திப்போயிடும். படிச்ச மனுஷன், இதுகூடத் தெரியல."

"உங்க உள்ள இருக்கிறது வேற கம்பெனி மோட்டார். சொன்னதக் கேளுங்க" என்றாள் அவள்.

அவர் கேட்கவில்லை. குளியலறைக் குவளையோடு ஒரு நாள் கையும் களவுமாகப் பிடித்தாள். முகம் துடைக்கக் கொடுத்த ஈரத் துண்டைச் சப்பிக்கொண்டிருந்ததை இன்னொரு நாள் பார்த்தாள். அதற்கப்புறம் குளியலறையையும் பூட்டிவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தாள். இரவில் அவருக்கு மூச்சு இழுக்கும், உட்கார்ந்தே விடியும், அவளும் கூடவே உட்கார்ந்திருப்பாள். அந்தக் கடனை இருவரும் மதியத்தில்தான் தூங்கித் தீர்த்தார்கள். காவல் இல்லாத நேரம் அது ஒன்றுதான்.

டம்ளர் நிமிர்ந்திருந்த மறுநாள் அவர் எடை ஏறியிருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் ஏறியது. அவள் தன் அளவு நாடாவை அவர் கணுக்காலில் சுற்றிப் பார்த்தாள். கால்சட்டைக்கு அளவெடுப்பவள் கைக்குத் தப்பு வராது. பெருத்துத்தான் இருந்தது. முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அது மேலே வரவில்லை, பிசைந்த மாவில் பதிந்தது போல அப்படியே நின்றது. அவரால் இப்போது சுவரைப் பிடிக்காமல் நாலடி வைக்க முடியாது. பூட்டிய கதவைத் தாண்டிப் போய்த் தண்ணீர் பிடித்து வருகிற ஆள் இல்லை அவர்.

ஆனால் ஒவ்வொரு மதியமும் டம்ளர் நிமிர்ந்தே இருந்தது.

மருத்துவமனை நர்ஸுக்குப் போன் செய்தாள். நர்ஸ் மாத்திரையைக் கூட்டிக் கொடுக்கச் சொன்னாள். நாளைக் காலையில் கட்டாயம் கூட்டி வந்துவிட வேண்டும், சேர்த்துக்கொண்டு ஊசி வழியாக மருந்து ஏற்றி நீரை இறக்கிவிடலாம், அதற்குள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்றாள். "இன்னைக்குப் பொழுது மட்டும் ஜாக்கிரதையா பாத்துக்கோங்கம்மா. ஒரு டம்ளர் கூடினாலும் இப்ப அவர் இதயம் தாங்காது."

பையில் அவருடைய துணிகளை மடித்து வைத்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, கோபப்படாமல் கேட்டாள். யார் தண்ணீர் கொடுக்கிறார்கள்? கீழ்வீட்டுக்காரரா?

அவர் முதலில் சிரித்தார். அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தார்.

"நீதானே குடுக்கிற."

"நானா?"

"மத்தியானம் வருவியே. பேசமாட்ட. தலையத் தூக்கிப் பிடிச்சுக் குடுப்ப. குடிச்சு முடிக்கிற வரைக்கும் கைய எடுக்கமாட்ட." கொஞ்சம் தயங்கிவிட்டு, வெட்கத்தோடு சொன்னார். "மனசு எளகிட்டன்னு நெனச்சேன். சொன்னா நிறுத்திடுவியோன்னு சொல்லல."

அவருக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்துப் பார்த்தாள். அவர் கண் தெளிவாக இருந்தது. அப்படியானால் தூக்கத்தில் எழுந்து நடப்பது அவளேதானா? தாகத்தால் அவர் உதடு வெடித்திருப்பதைப் பார்க்கிறபோதெல்லாம், போகிறது, ஒரு வாய் கொடுத்துவிடலாமா என்று அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். விழித்திருக்கிறபோது செய்யாததைத் தூக்கத்தில் செய்கிறாளா? அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் கைகளே அவளைப் பயமுறுத்தின.

அன்று மதியம் எல்லாவற்றையும் அடைத்தாள். வாசலுக்குப் பக்கத்தில் அவரே பொருத்தியிருந்த வால்வைத் திருகி வீட்டுக்கு வருகிற தண்ணீரையே நிறுத்தினாள். குழாயைத் திறந்து பார்த்தாள். இருமிவிட்டு வறண்டது. பாட்டிலில் மிச்சமிருந்ததைக் கொட்டினாள். சமையலறையையும் குளியலறையையும் பூட்டினாள். அவர் கட்டிலுக்கு எதிரில் இருந்த தையல் மெஷின் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சிவப்பு நாடாவால் தன் கணுக்காலை மெஷினின் இரும்புக் காலோடு கட்டினாள். தூக்கத்தில் எழுந்தால் இழுத்துப் பிடித்து எழுப்பிவிடும். தூக்கத்தில் அறுத்துவிடக் கூடாது என்று கத்திரிக்கோலைக் கூடத்து மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தாள். முடிச்சை அவள் மட்டுமே போடுகிற மாதிரிப் போட்டாள், நனைந்தால் இறுகுகிற முடிச்சு.

"என்ன கூத்து இது?" என்றார் அவர்.

"நாளைக்குக் காலையில அவுக்கிறேன். தூங்குங்க."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் திரை வழியாக வந்த வெளிச்சம் கஞ்சித்தண்ணீர் நிறத்தில் அறை முழுக்கப் பரவி, கட்டிலின் கால்களையும் மருந்துப் பெட்டியையும் கழுவிக் கவிழ்த்த டம்ளரையும் மங்கலாக்கியது. மருந்து வாசனையும் மெஷின் எண்ணெய் வாசனையும் கலந்த அந்தப் புழுக்கத்தில், அவர் மூச்சு இழுத்து, நின்று, மீண்டும் இழுக்கிற சத்தத்தைக் கேட்டபடியே அவள் விழித்திருந்தாள். தூங்கக் கூடாது என்று கையைக் கிள்ளிக்கொண்டாள். ஊசியால் விரல் நுனியைக் குத்திக்கொண்டாள். எத்தனை இரவின் தூக்கம் அது, கேட்குமா?

கண் விழித்தபோது டம்ளர் ஸ்டூலில் இல்லை.

அவள் நாற்காலியில்தான் இருந்தாள். நாடா காலில்தான் இருந்தது. அவர் மூன்று தலையணைகளில் சாய்ந்து தூங்கினார்.

சமையலறையில் குழாய் திறந்தது.

வறண்ட குழாய். தண்ணீர் டம்ளரில் விழுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. அடியில் கனமாக ஆரம்பித்து, நிறைய நிறைய மெலிந்து மேலேறுகிற சத்தம். நின்றது. பூட்டு திறக்கிற சத்தம் வரவில்லை. கூடத்தில் ஈரக் கால்கள் நடந்து வந்தன. அவசரமில்லாத நடை. அவளுக்குப் பழகிய நடை. கத்திரிக்கோல் இருந்த மேசையைத் தாண்டியது.

அவள் எழப் பார்த்தாள். நாடா இழுத்தது. குனிந்து முடிச்சைத் தொட்டாள். நாடா நனைந்திருந்தது. இறுகியிருந்தது.

கதவு திறந்தது.

வந்தவள் இவள் பக்கம் திரும்பவே இல்லை. நேராகக் கட்டிலுக்குப் போனாள். அதே நீல நைட்டி. கழுத்துக்குப் பின்னால், போன வாரம் இவளே வைத்துத் தைத்த ஒட்டு. அதே கொண்டை, சொட்டிக்கொண்டிருந்தது. கணுக்காலில் அதே சிவப்பு நாடா, அறுந்த நுனி தரையில் இழுபட்டு ஈரக் கோடு போட்டது. கால்கள் மட்டும் வேறு. வீங்கிப் பளபளத்தன. முழங்காலுக்குக் கீழே ஒரு குழி. கட்டைவிரல் அளவு. மேலே வராத குழி.

அவள் அவர் தலைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். அவர் கண் விழித்து, நன்றியோடு சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் இவளால் தாங்க முடியவில்லை. வாயைத் திறந்தார்.

"குடிக்காதீங்க."

இவளுக்குக் குரல் வந்துவிட்டது. அவர் அந்த நீலத் தோளுக்கு மேலே பார்த்தார். நாற்காலியில் கட்டுண்டு கிடந்தவளைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. தன்னைத் தாங்கியிருந்தவளின் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் இவளைப் பார்த்தார்.

அவர் தொண்டை இறங்கி ஏறியது. இறங்கி ஏறியது.

"போதும்" என்றார். டம்ளர் இன்னும் சாய்ந்தது.

இவள் நாடாவை இழுத்தாள். பல்லால் கடித்தாள். மெஷின் தரையில் கிறீச்சிட்டது. ஒரு சாண் நகர்ந்தது. அவ்வளவுதான்.

வாயின் ஓரங்களில் தண்ணீர் வழிந்தது. அவர் மார்பில் ஏதோ கொதிப்பது போல் சத்தம் கேட்டது. டம்ளர் காலியாகவில்லை. அவர் கை மேலே எழுந்தது, யாரை நோக்கி நீட்டுவது என்று தெரியாமல் நடுவில் நின்றது. இரண்டு முகங்களில் எதனிடம் போதும் என்று கெஞ்சுவது என்று தெரியாமல், அவர் கண்கள் இங்கும் அங்குமாகப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தன.