எஞ்சினுக்குள் வந்த தண்ணீர்

போயே போயிருக்கட்டும். நிஜமாகவே போயிருந்தால் நான் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது.

இப்படி நினைத்தபடிதான் அவள் கருவிப்பெட்டியை அம்மா வீட்டு ஷெட்டில் இறக்கி வைத்தாள். பதினேழு வருடமாகக் கார்களைப் பிரித்து மாட்டுகிறவள். ஓர் எஞ்சின் செத்திருக்க வேண்டும் என்று இதற்கு முன் ஆசைப்பட்டதில்லை.

மணி 9.10.

"டாக்டரம்மா வந்தாச்சு," என்றான் அண்ணன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அம்மாவோடு இருப்பவன். "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு. இனிமே பிரிச்சுப் பாக்கறதெல்லாம் வீண். பழைய வண்டி எடுக்கறவர் பன்னண்டு மணிக்கு வரார். நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"யார் பார்த்துச் சொன்னது?"

"நான்தான். ஆயில் மூடியத் திறந்தேன். பால் ஊத்தின காபி மாதிரி இருந்துச்சு. நீ சொல்லிக் குடுத்ததுதானே?"

ஆமாம். வேலை கிடைக்காமல் இருந்த ஒரு வருடம் அவளுடைய பட்டறையில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன். எஞ்சினின் உடம்புக்கும் தலைக்கும் நடுவே இருக்கிற மெல்லிய தகடுதான் கேஸ்கெட். அது கிழிந்தால் தண்ணீர் ஆயிலில் இறங்கும். முதலில் ஆயில் மூடியைப் பார். சொல்லிக் கொடுத்தது அவளேதான்.

அம்மா பூந்தொட்டிகளின் பக்கத்தில் நின்றிருந்தாள். ஐம்பத்தெட்டு வயதில், அப்பா போன பிறகு, தானாகப் போய் லைசென்ஸ் எடுத்தவள். பதின்மூன்று வருடம் இந்தக் காரை ஓட்டியிருக்கிறாள்.

"நான்தான் கெடுத்துட்டேன்," என்றாள் அம்மா. "போன வாரம் மேடு ஏறும்போது சூட்டு முள்ளு மேல போச்சு. நிறுத்தாம வந்துட்டேன். அவர் இருந்திருந்தா வண்டிய விட்டு இறங்குடின்னு சொல்லியிருப்பார்."

"பார்க்கறேன்மா. அதுக்குள்ள நீயே தீர்ப்பு எழுதாத."

"அது கிடக்கட்டும். என் பூவாளி மூக்குல யார் எண்ணெய் மசிய அப்பினது? வந்ததும் வராததுமா கை வச்சுட்டியா?"

"நான் இப்பதான் உள்ளயே வரேன்."

"உன் கை உனக்கு முன்னாடியே வந்துடுமே."

அவள் சிரித்துக்கொண்டே வண்டியின் முன்பக்கம் போனாள். சிரிப்பு நின்றுவிட்டது. இடதுபக்க பம்பரில் புதுக் கீறல். நான்கு மாதத்தில் இது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் அவளே பெயின்ட் அடித்திருந்தாள். எங்கே இடித்தாய் என்று கேட்கவில்லை. கேட்டால் அம்மாவின் மங்கிவரும் இடது கண்ணைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கும்.

பானெட்டை உள்ளங்கையால் அழுத்தி இடப்பக்கம் இழுத்தாள். அப்படிச் செய்தால்தான் திறக்கும். அந்த வித்தை அம்மாவுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

மணி 9.40. ஆயில் அளவுகோலை உருவினாள். கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே, பழுப்பாக, நுரையோடு. ரேடியேட்டரின் துணைத்தொட்டியைப் பார்த்தாள். இரண்டு மாதத்துக்கு முன் அவள் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றிய கிளிப்பச்சைக் கூலன்ட் கோட்டைத் தொட்டபடி நின்றது. ரேடியேட்டரும் வாய்வரை நிறைந்திருந்தது.

"வண்டி கடைசியா எப்ப ஓடிச்சு?"

"முந்தாநாள் அம்மா எடுத்தாங்க," என்றான் அண்ணன்.

"நேத்து?"

"நேத்து பூரா நான் வீட்டுலயே இல்ல," என்றாள் அம்மா. "பல் டாக்டர்கிட்ட பஸ்ல போயிருந்தேன்."

"அண்ணா, நீ ஸ்டார்ட் பண்ணியா?"

"நான் எதுக்குப் பண்ணணும்?"

வாத்தியார்கள் கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்வதில்லை, பிள்ளைகள்தான் சொல்வார்கள்.

மணி 9.55. வண்டிக்கடியில் தட்டை வைத்து ஆயில் அடைப்பைக் கழற்றினாள். முதலில் விழுந்தது தண்ணீர். பிறகுதான் காபி நிறத்தில் குழம்பு. தண்ணீரில் விரலை நனைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பச்சை துளியும் இல்லை.

பிறகு புது ஆயில் ஊற்றி, வடித்து, மறுபடி ஊற்றினாள். நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தம் ஒரே அளவு. எஞ்சினை ஓடவிட்டு, நீலத் திரவம் நிரப்பிய கண்ணாடிக் குழாயை ரேடியேட்டர் வாயில் பொருத்தினாள். கேஸ்கெட் கிழிந்திருந்தால் எஞ்சின் புகை கூலன்டில் கலந்து நீலத்தை மஞ்சளாக்கும். கால்மணி நேரம் பார்த்தாள்.

நீலம் நீலமாகவே இருந்தது.

மணி 11.30. அம்மா டீ போட உள்ளே போனாள்.

"கேஸ்கெட் நல்லாருக்கு," என்றாள் அவள். "முள்ளு ஏறினது பெல்ட் தளர்ந்ததால. இறுக்கிட்டேன்."

"அப்போ ஆயில்ல தண்ணி?"

"அதான் கேள்வி. பூட்டின ரூமுக்குள்ள தண்ணி வந்திருக்கு. ரேடியேட்டர்லேர்ந்து வந்திருந்தா அங்க குறைஞ்சிருக்கணும். குறையல. பச்சையா வந்திருக்கணும். வரல. வெறும் குழாய்த்தண்ணி. பாக்கி இருக்கறது ஒரே வாசல், ஆயில் மூடி. பானெட்டத் திறக்கத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர். அம்மாவோட பூவாளியால ஊத்தி, கொஞ்ச நேரம் ஓடவிட்டிருக்க. அதோட மூக்கத் துடைக்க மறந்துட்ட."

அண்ணன் பூவாளியின் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அப்பா காலத்துலேர்ந்து ரேடியேட்டர்ல தண்ணிதானே ஊத்துவோம்," என்றான் மெதுவாக.

"நான் மாத்தினது உனக்குத் தெரியாது. ஆயில் மூடியோட நிறுத்திட்ட. நான் சொல்லிக் குடுத்ததும் அதோட நின்னுடுச்சு."

அவன் கவிழ்த்துப்போட்ட பெட்டி மேல் உட்கார்ந்தான். "போன செவ்வாய்க்கிழமை ஸ்கூல் வாசல். என் கிளாஸ் பொண்ணு ஒருத்தி. அவ முதுகுப்பைய உரசிட்டு அம்மா வண்டி போகுது. அம்மாவுக்குத் தெரியவேயில்ல. என்னப் பார்த்துக் கை காட்டிட்டுப் போறாங்க."

அவள் ஸ்பானரைக் கீழே வைத்தாள். "நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சொன்னியா? ரெண்டு தடவ பெயின்ட் அடிச்சியே."

அவன் ஊற்றியது தண்ணீர். தான் பூசியது பெயின்ட். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

"கேஸ்கெட்டுன்னே சொல்லிடு," என்றான். "நீ சொன்னா நம்புவாங்க. யாருக்கும் மனசு நோகாது."

"அவங்களுக்கு நோகும். தான்தான் கெடுத்தேன்னு கடைசி வரைக்கும் நினைச்சுட்டிருப்பாங்க."

அம்மா தட்டில் மூன்று டம்ளரோடு வந்தாள். தட்டை வைக்கும்போது மேசை விளிம்பை இடது கையால் தடவிப் பார்த்துக்கொண்டாள். இதையும் மகள் பல மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"சொல்லு," என்றாள் அம்மா. "நான்தானே?"

அண்ணன் தரையைப் பார்த்தான்.

"இல்லம்மா. நீ எதையும் கெடுக்கல. எஞ்சின் நல்லாருக்கு."

அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியாமல் அவள் கண்ணாடிக் குழாயைத் துடைத்தாள். அண்ணன் போனை எடுத்து, பன்னிரண்டு மணிக்காரரிடம் வரவேண்டாம் என்றான்.

"எனக்குத் தெரியும், அது லேசுல போகாது." அம்மா கையை நீட்டினாள். "சாவியக் குடு. ஒரு சுத்து போயிட்டு வந்துடறேன். டீ ஆறறதுக்குள்ள வந்துடுவேன்."

சாவி மகளின் உள்ளங்கையில் இருந்தது. ஆயில் பட்டு வழுக்கியது. இடதுபக்கக் கீறலை ஒருமுறை பார்த்தாள். விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"இல்லம்மா," என்றாள். "தரமாட்டேன்."